ஏழு நிமிடத்துக்கு இடமில்லாத கொட்டகை

இந்தியாவில் கதைப்படம் பிறப்பதற்கு முன்பே, பிரேம் பிரேமாக எடுத்த ஒரு துண்டுப்படம் பிறந்துவிட்டது. 1912-ல் தாதாசாகேப் பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்தார். கேமராவை அதன் முன்னால் அசையாமல் நிறுத்தி, நாள்கணக்கில் இடைவெளி விட்டுவிட்டுச் சிறிது சிறிதாகப் பதிவு செய்தார். ஓட்டிப் பார்த்தபோது விதை முளைத்துச் செடியாவது கண்முன்னே நடந்தது. இந்தத் துண்டைக் காட்டித்தான் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுப்பதற்கான பணத்தை அவர் புரட்டினார். முதல் உலகப் போர் வந்து பிலிம் வரத்துக் குறைந்தபோது, 1915-ல் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்றொரு குறும்படமும் எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. ஆனால் உயிரற்ற பொருளைத் திரையில் அசைய வைக்கும் வித்தை, மிக்கி மவுஸ் பிறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே இந்த நாட்டில் செய்து காட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் புதிர். 1934-ல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸில் குணமய் பானர்ஜியின் 'பீ பிரதர்ஸ்' வந்தது. அதே ஆண்டு பூனாவின் பிரபாத் நிறுவனம் நரியை நாயகனாக்கி 'ஜம்பு காகா' எடுத்தது. இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தவை தொடரவில்லை. ஊமைப்படக் காலத்திலிருந்து பேசும்படக் காலத்துக்கு நாடு மாறிய அந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் கார்ட்டூன் ஒரு தொழிலாக நிலைத்தது. இங்கே ஏன் நிலைக்கவில்லை?

பணம் இல்லை, பயிற்சி இல்லை, கார்ட்டூன் குழந்தைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் என்று மூன்று காரணங்களை வழக்கமாகச் சொல்வார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே படம் எடுப்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கின்றன. படம் ஓட்டுபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொரு காரணம் தெரிகிறது. தமிழ்ப் பேசும்படம் ஒரு மாலை நிகழ்ச்சிக்குரிய அத்தனையையும், பாட்டு, ஆட்டம், சண்டை, சிரிப்பு எல்லாவற்றையும், தன் வயிற்றுக்குள் விழுங்கிவிட்டது. படத்துக்கு வெளியே, ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று உட்கார ஒரு இருக்கைகூட மிஞ்சவில்லை. இருக்கை இல்லாத இடத்தில் கலைஞன் எவ்வளவு திறமைசாலியானாலும் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். இதைச் சென்னையின் பெரிய தியேட்டர்களை வைத்துப் பார்ப்பதைவிட, தருமபுரி போன்ற ஒரு வறண்ட சீமையின் டூரிங் டாக்கீஸை வைத்துப் பார்த்தால்தான் தெளிவாகப் புரியும். ஏனென்றால் கிராமத்து மக்கள் பெரும்பாலும் சினிமாவைக் கண்டது அப்படிப்பட்ட கொட்டகைகளில்தான்.

அமெரிக்காவில் கார்ட்டூனுக்கு இருக்கை எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1914-ல் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரைத் திரையில் ஓடவிட்டு, தானே மேடையில் நின்று அதற்குக் கட்டளையிட்டார். அது ஒரு தனிமனிதரின் வித்தை. அதே காலத்தில் எர்ல் ஹர்ட் கண்டுபிடித்த செல்லுலாய்டு தாள் முறை அந்த வித்தையைப் பட்டறை வேலையாக்கியது. பின்னணியை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, அசையும் உருவத்தை மட்டும் ஒளி ஊடுருவும் தாளில் மாற்றி மாற்றி வரைந்தால் போதும். ஒருவர் வரைய, இன்னொருவர் மை போட, மற்றொருவர் படம் பிடிக்க, வேலை பல கைகளுக்குப் பிரிந்தது. ஒலி வந்தபோது இந்தப் பட்டறைக்குப் புதிய கணக்கு ஒன்று கிடைத்தது. ஊமைப்படத்தின் வேகம் ஆபரேட்டரின் கையைப் பொறுத்து முன்பின்னாக இருக்கும். ஒலிப்படமோ நொடிக்கு 24 பிரேம் என்று நிலைத்துவிட்டது. நிமிடத்துக்கு 120 தட்டு விழும் தாளத்தில் ஒரு தட்டுக்குச் சரியாக 12 பிரேம். ஆகவே பன்னிரண்டாவது பிரேமில் பூனையின் கால் தரையில் படும்படி வரைந்தால், மேளம் விழுவதும் கால் விழுவதும் ஒன்றாகவே இருக்கும். வரைபவர் இசைத்தாளை வைத்துக்கொண்டே வரையலாம். வால்ட் டிஸ்னி மிக்கி மவுஸை வைத்து முதலில் எடுத்த இரண்டு ஊமைப்படங்களையும் வாங்க ஆளில்லை. ஒலியோடு எடுத்த 'ஸ்டீம்போட் வில்லி' 1928 நவம்பர் 18-ல் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் ஓடியதும் நிலைமை தலைகீழானது.

ஆனால் தாளமும் தாளும் மட்டும் அந்தத் தொழிலை நிலைநிறுத்தவில்லை. ஏழு நிமிடக் கார்ட்டூனுக்கு 10,080 பிரேம் வேண்டும். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்குப் பயன்படுத்தினாலும் ஐயாயிரம் ஓவியங்கள். இத்தனை கைகளுக்கு மாதாமாதம் கூலி கொடுக்க, மாதாமாதம் வாங்குபவர் வேண்டும். அந்த வாங்குபவர் அமெரிக்காவில் தியேட்டர்தான். பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் சொந்தமாக வைத்திருந்தன. மற்ற தியேட்டர்களுக்குப் பெரிய படத்தைக் கொடுக்கும்போது குறும்படங்களையும் சேர்த்தே தலையில் கட்டின. கதைப்படம் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்தைச் செய்திப்படம், சிரிப்புப் படம், கார்ட்டூன் என்று நிரப்பியாக வேண்டும். வார்னர் சகோதரர்கள் 1931-ல் 'மெர்ரி மெலடீஸ்' வரிசையைத் தொடங்கியதில் தங்களிடம் உரிமை இருந்த பாடல்களுக்கு விளம்பரம் தேடும் நோக்கமும் இருந்தது. இருக்கை முன்பதிவாகி இருந்ததால்தான் கலைக்குத் துணிச்சல் வந்தது. இதைக் கலை முன்னே, வியாபாரம் பின்னே என்று புரட்டிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இந்தியாவின் ஊமைப்படக் காலத்திலும் அந்த இருக்கை இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. 1913 மே 3-ல் பம்பாயின் கொரனேஷன் அரங்கில் 'ராஜா ஹரிச்சந்திரா' ஓடத் தொடங்கியபோது அது தனியாக ஓடவில்லை. ஒரு நடனம், ஒரு நகைச்சுவைக் காட்சி, காலால் பந்தாடும் வித்தை, சில சிரிப்புத் துண்டுகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆட்டம். படமே சுமார் 3,700 அடிதான். அந்தக் கதம்ப நிகழ்ச்சியில் தீக்குச்சி ஆட்டத்துக்கும் ஒரு இடம் இயல்பாகவே கிடைத்திருக்கும். 1931 அக்டோபர் 31-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்'கூடத் துணைக்குச் சில துண்டுப்படங்களோடுதான் வந்தது, டி.பி. ராஜலட்சுமியின் குறத்தி நடனம் அவற்றில் ஒன்று. அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. நாடக மேடையின் பாடல்கள் அப்படியே படத்துக்குள் குடியேறின. 1934-ல் வந்த 'பவளக்கொடி'யில் சுமார் ஐம்பது பாடல்கள். ஒலிப்பட வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 18,000 அடிப் படம் என்றால் மூன்று மணி இருபது நிமிடம். இதற்கு மேல் ஒரு கார்ட்டூனையும் சேர்த்து ஓட்டச் சொன்னால் எந்தக் கொட்டகைக்காரர் ஒப்புக்கொள்வார்?

தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பகுதி. அரூர், பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் நிரந்தரத் தியேட்டருக்கு வழியில்லை. அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாதங்களில் ஊருக்கு வெளியே டெண்ட் அடிக்கும் டூரிங் டாக்கீஸ்தான் சினிமா. டெண்ட்டுக்குள் பகலில் படம் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு முதல் ஆட்டம், அது முடிந்து இரண்டாம் ஆட்டம். அதற்குள் ஒரு நாளின் வசூல் முடிந்துவிட வேண்டும். புரொஜெக்டர் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் ஆயில் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்; கார்பன் குச்சி எரிந்து தேய்ந்துகொண்டே இருக்கும். கூடுதலாக ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எண்ணெய்ச் செலவு. பிலிம் பெட்டி மொரப்பூர் ரயிலடியில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியிலோ பஸ்ஸிலோ வர வேண்டும். 1906-ல் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் போட்ட சிறு ரயில்பாதையையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுத்துவிட்டார்கள். கூடுதலாக ஒரு பெட்டி என்றால் கூடுதலாக ஒரு சுமைக்கூலி. இந்தக் கணக்கில் கார்ட்டூன் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை.

காசு கொடுத்தவர்களின் எதிர்பார்ப்பும் இதையே வலுப்படுத்தியது. தருமபுரிச் சீமை தெருக்கூத்து ஊறிய சீமை. திரௌபதை அம்மன் கோயில் விழாவில் பாரதக் கூத்து இரவு முழுக்க நடக்கும். பதினெட்டு நாள் திருவிழாவில் பல இரவுகள் தொடர்ந்து நடந்து, படுகளத்தில் முடியும். விடிய விடியப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரப் படம் பாதியில் நிறுத்திய ஆட்டமாகத்தான் தோன்றியிருக்கும். அதைவிட முக்கியமானது, கூத்துக்குள்ளேயே கட்டியங்காரன் இருக்கிறான். அரசனை அறிமுகம் செய்வதும் அவனே, கேலி செய்வதும் அவனே. துயரக் காட்சியின் நடுவே புகுந்து சிரிக்க வைத்து, ஜனங்களை மறுபடி கதைக்குள் அனுப்புவதும் அவன்தான். சிரிப்புக்கென்று தனி நிகழ்ச்சி தேவைப்படாத மேடை அது. தமிழ்ப் பேசும்படம் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. என்.எஸ். கிருஷ்ணன் தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே தனியாக அமைத்து, பிறர் எடுத்த கதைக்குள் பொருத்தும் முறையை வளர்த்தார். பல படங்களில் அவரும் டி.ஏ. மதுரமும் வரும் பகுதியைக் கதையிலிருந்து கழற்றி எடுத்தாலும் அது தனியாக நிற்கும். 1939-ல் வந்த 'சிரிக்காதே' சிறு சிறு சிரிப்புக் கதைகளைக் கோத்தே ஒரு முழு ஆட்டமாக்கப்பட்டது. கார்ட்டூன் அமெரிக்கத் தியேட்டரில் செய்த வேலையை, அதாவது கனமான கதைக்கு நடுவே மூச்சுவிட இடம் தருவதை, இங்கே என்.எஸ்.கே. படத்துக்குள்ளிருந்தே செய்துகொண்டிருந்தார். அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் தேவைப்படவில்லை.

திறமை இல்லாததால்தான் கார்ட்டூன் வரவில்லை என்பவர்களுக்குப் பதில் சேலத்திலேயே இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1940-ல் 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பாவை ஒரே திரையில் இரண்டு ஆளாகக் காட்டியது. பிலிமின் ஒரு பகுதியை மறைத்து எடுத்து, மீண்டும் சுற்றி மறுபகுதியை எடுத்து, இரண்டும் இம்மியும் பிசகாமல் பொருந்த வைக்கும் அந்தப் பொறுமைதான் கார்ட்டூனுக்கும் வேண்டும். வரைபவர்களுக்கும் பஞ்சமில்லை. எஸ்.எஸ். வாசன் 1928-லிருந்து 'ஆனந்த விகடன்' உரிமையாளர். அதன் பக்கங்களில் ஓவியர் மாலியின் கோடுகள் வாசகர்களை வாரந்தோறும் சிரிக்க வைத்தன. அதே வாசன்தான் ஜெமினி ஸ்டூடியோவுக்கும் அதிபர். கார்ட்டூன் வரையும் கையும், படம் பிடிக்கும் கேமராவும், பணமும் ஒரே மனிதரிடம் இருந்தன. பின்னாளில் 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் புகழ்பெற்ற ஆர்.கே. லட்சுமண் மாணவராக இருந்தபோது கோடை விடுமுறையில் ஜெமினியில் வேலை பார்த்தார். நாரதரை வைத்து ஒரு கார்ட்டூனுக்கும் வரைந்தார். அப்படியும் அது ஜெமினியின் தொடர்ச்சியான தொழிலாகவில்லை. பிரம்மாண்டத்துக்குத் தயங்காத ஒருவரையே இது இழுக்கவில்லை என்றால், குறை அவரிடமுள்ள திறமையில் இருக்க முடியாது. பிரேம் பிரேமாக எடுக்கும் வித்தையும் அழிந்துவிடவில்லை. தந்திரக் காட்சி என்ற பெயரில் கதைப்படத்துக்குள் போய்ச் சேர்ந்தது. 1957-ன் 'மாயாபஜா'ரில் கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போவதை நினைத்துப் பாருங்கள். மார்கஸ் பார்ட்லியின் கேமரா அங்கே செய்வது பால்கேயின் தீக்குச்சிக்கு நேர்வாரிசான வேலை. பாட்டையும் சிரிப்பையும் விழுங்கிய படம் இதையும் விழுங்கிவிட்டது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கார்ட்டூன் தன் செலவைத் தன் நாட்டிலேயே மீட்டுக்கொண்டு, இங்கே மலிவான வாடகைக்கு வந்தது. அதோடு யார் போட்டியிட முடியும், ஆகவே காரணம் பணம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்கக் கதைப்படமும் அதே மலிவு வாடகைக்குத்தான் வந்தது. ஊமைப்படக் காலத்தில் இந்தியத் திரைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் படங்களே. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-ல் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு ஆராய நேர்ந்த முக்கியமான விஷயங்களில் அதுவும் ஒன்று. அந்த அலையைத் தடுத்தது சட்டமோ வரியோ அன்று, ஒலி. நடிகர்கள் தமிழில் பேசிப் பாடத் தொடங்கியதும் பென்னாகரத்துக்காரருக்கு ஆங்கிலப் படம் அந்நியமாகிவிட்டது. மொழி ஒரு மதில்போல் நின்று தமிழ்க் கதைப்படத்தைக் காத்தது. கார்ட்டூனுக்கு அந்த மதில் கிடைக்கவில்லை. பேச்சு குறைவு, தாளமும் கூச்சலும் அதிகம் என்பதால் எலியும் பூனையும் ஓடுவதை எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்வார். ஆகவே பேசும்படத்தின் வருகை ஒரே வேளையில் இரண்டு எதிரெதிரான காரியங்களைச் செய்தது: கதைப்படத்துக்குச் சொந்தச் சந்தையை வாங்கிக் கொடுத்தது, கார்ட்டூனைத் திறந்தவெளியில் விட்டுவிட்டது. ஆங்கிலப் படங்கள் ஓட்டிய நகரத்துத் தியேட்டர்களில் முழு நிகழ்ச்சியின் பகுதியாகக் கார்ட்டூன் வந்தது. அங்கே இருக்கை இருந்தது, ஆனால் வெளிநாட்டுக்காரர் அதில் உட்கார்ந்திருந்தார். தமிழ்ப் படம் ஓட்டிய கொட்டகையில் இருக்கையே இல்லை. பணமும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் செலவு கட்டுப்படியாகாமல் போனதற்கே இடமின்மைதான் அடிப்படை.

ஜப்பானை எடுத்துக்காட்டி இதை மறுப்பவர்களும் உண்டு. அங்கும் தியேட்டர்களில் அமெரிக்கக் கார்ட்டூனின் போட்டி இருந்தது. ஆனாலும் 1917-லேயே கோவுச்சி ஜுனிச்சி போன்றவர்கள் கார்ட்டூன் எடுத்தார்கள். அந்த மரபு அறுபடவில்லை. உண்மை. ஆனால் அங்கே கார்ட்டூனைத் தாங்கியதில் பள்ளிகளுக்கும் பொதுக்கல்விக்கும் படம் வாங்கியவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு கடற்படை வந்தது. 1945-ல் வெளிவந்த 'மொமொதாரோ: கடலின் புனித வீரர்கள்' கடற்படையின் ஆதரவில் எடுத்த முழுநீளக் கார்ட்டூன். தியேட்டர் இருக்கை தராத இடத்தில் அரசு தந்தது. யாராவது ஒருவர் தொடர்ந்து வாங்குவதாக வாக்குக் கொடுத்தால்தான் ஐயாயிரம் ஓவியங்களைத் தொடங்க முடியும் என்பதற்கு ஜப்பான் சாட்சியே தவிர, எதிர்ச்சாட்சியாகாது.

இந்தியாவில் அரசு அந்த இருக்கையைக் கையில் எடுத்தது போரின்போது. பிலிம் தட்டுப்பாட்டால் கதைப்படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. மூன்றரை மணி நேரப் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியதும், ஆட்டத்தில் மறுபடியும் ஒரு காலியிடம் உண்டானது. அந்த இடத்தில் தனியார் குறும்படம் எதுவும் முளைப்பதற்குள், 1943-ல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒவ்வொரு ஆட்டத்திலும் அரசு ஒப்புதல் பெற்ற படம் 2,000 அடி வரை ஓட்டியாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. நிமிடக் கணக்கில் இருபத்திரண்டு. ஆக, கிடைத்த இடைவெளி பிரச்சாரப் படத்துக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியபோது அந்தக் கட்டாயம் உரிம நிபந்தனையாகத் திரும்பி வந்தது. கொட்டகைக்காரர் வாடகையும் கட்ட வேண்டும். இதை அரசின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கல்வியறிவு குறைந்த நாட்டில் அம்மை குத்துவதையும் அணைக்கட்டையும் பற்றிச் சொல்ல வேறு வழி குறைவு. ஆனால் தனியார் கார்ட்டூனுக்கு மிஞ்சியிருந்த கடைசி வாய்ப்பும் அத்தோடு மூடிக்கொண்டது.

மூடிய அந்தக் கதவுக்குள்ளேதான் இந்தியக் கார்ட்டூன் கடைசியில் வேலை தேடிக்கொண்டது. 1956-ல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் பயிற்சி கொடுக்க, டிஸ்னியில் 'பாம்பி', 'பீட்டர் பான்' ஆகியவற்றில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய் வந்தார். புத்த ஜாதகக் கதையை வைத்து 1957-ல் 'தி பானியன் டீர்' வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, பின்னர் இந்திய அனிமேஷனின் மூத்த கலைஞராக மதிக்கப்பட்ட ராம் மோகன் அந்தப் பிரிவில்தான் சேர்ந்தார். கோடம்பாக்கம் அவ்வளவு பெரிய தொழிற்பேட்டையாக வளர்ந்திருந்தும், மாதச் சம்பளத்துக்குக் கார்ட்டூன் வரையும் இடம் பம்பாயில் ஒரு அரசு அலுவலகமாகத்தான் இருந்தது. அதே 1957-ல் அமெரிக்காவில் எம்.ஜி.எம். தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடியது. 'டாம் அண்ட் ஜெரி' எடுத்த வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டூடியோக்களின் தியேட்டர் பிடியைத் தளர்த்தியது, பெரிய படத்தோடு குறும்படத்தைக் கட்டாயமாக விற்கும் வழக்கம் ஓய்ந்தது, தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டது. இருக்கை போன பத்தாண்டுக்குள் அத்தனை திறமையும் பணமும் இருந்த பட்டறையே கலைந்தது. தமிழ்நாட்டில் கார்ட்டூன் ஏன் பிறக்கவில்லை என்பதற்கும் அமெரிக்காவில் ஏன் ஓய்ந்தது என்பதற்கும் ஒரே விளக்கம் பொருந்துகிறது. திறமையையோ ரசனையையோ காரணமாகச் சொல்லும் விளக்கம் இந்த இரண்டையும் சேர்த்து விளக்காது.

இந்திய அனிமேஷன் வரலாறு இதுவரை பெரும்பாலும் படைத்தவர்களின் பெயர்ப்பட்டியலாகவே எழுதப்பட்டிருக்கிறது. பால்கே, குணமய் பானர்ஜி, கிளேர் வீக்ஸ், ராம் மோகன் என்று அது நீள்கிறது; இடையில் இருக்கும் பெரிய இடைவெளிகளுக்கு அந்தப் பட்டியலால் காரணம் சொல்ல முடிவதில்லை. கொட்டகையின் கணக்கு வழக்கிலிருந்து அதை எழுத முடியும். பழைய சேலம் மாவட்டத்தின் டூரிங் டாக்கீஸ் உரிமக் கோப்புகள், ஆட்ட நேரம் குறித்த நிபந்தனைகள், ஊர் ஊராக மாட்டு வண்டியில் மேளம் தட்டிக்கொண்டு கொடுத்த நோட்டீஸ்கள், விநியோகஸ்தர்களின் பிலிம் பெட்டிப் பதிவேடுகள் ஆகியவைதான் அதற்கான ஆதாரங்கள். ஒரு மாலையில் எத்தனை அடி ஓடியது, அதில் எத்தனை அடி கட்டாயம், எத்தனை அடி கொட்டகைக்காரரின் விருப்பம் என்ற மூன்று எண்களையும் ஊர்வாரியாக எடுத்து அடுக்கினால், இங்கே முன்வைத்த வாதத்தைச் சரியென்றோ தவறென்றோ நிறுவிவிடலாம்.